பழைய நூலுக்கு டேக் போடும்போது தோற்ற விதிகளை எங்கே வைப்பது?

ஒரு பழைய தமிழ் நூலை எக்ஸ்எம்எல்லில் (எது தலைப்பு, எது செய்யுள் என்று டேக் எனும் குறிகளால் காட்டும் கோப்பு முறையில்) ஏற்ற உட்கார்ந்தால், முதல் பக்கம் முடிவதற்குள் ஒரு கேள்வி வந்தே தீரும். தலைப்பு பெரிய எழுத்தில், நடுவில் அச்சாகியிருக்கிறது. செய்யுள் தடித்த எழுத்தில் இருக்கிறது, உரை பொடி எழுத்தில். இதையெல்லாம் எங்கே எழுதி வைப்பது? ஒவ்வொரு டேக்கிலுமா, நூலைப் பற்றிய விவரங்கள் இருக்கும் கோப்பின் தலைப்பகுதியான ஹெடரிலா, திரையில் எப்படித் தெரிய வேண்டும் என்று சொல்லும் சி.எஸ்.எஸ். கோப்பு ஒன்றில் தனியாகவா?

பெங்களூர் அல்சூர் பக்கம் ஞாயிற்றுக்கிழமைகளில் கூடிப் பழைய நூல்களை ஏற்றும் சின்னக் குழு எங்களுடையது. இந்தக் கேள்விக்கு அதில் மூன்று கட்சி உண்டு. ஒயிட்ஃபீல்டில் சாஃப்ட்வேர் வேலை பார்க்கும் தம்பி, "டெக்ஸ்ட் சுத்தமா இருக்கணும் அக்கா, எல்லாத்தையும் சி.எஸ்.எஸ்.ல தள்ளிடலாம்" என்பார். ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஐயா ஒருவர் ஸ்பேஸ் பாரைத் தட்டித் தட்டியே தலைப்பை நடுவுக்குக் கொண்டுவந்துவிடுவார். நான் சிவாஜிநகரில் பல வருடம் டிடிபி பார்த்தவள். கல்யாணப் பத்திரிகை, கும்பாபிஷேக அழைப்பிதழ், கடைத் திறப்பு நோட்டீஸ் என்று தமிழும் கன்னடமும் ஆங்கிலமும் ஒரே தாளில் அடுக்கிக் கொடுத்த கை. பேஜ்மேக்கரில் ஒவ்வொரு வரியாகத் தேர்ந்தெடுத்து போல்ட் போட்ட பழக்கம், இங்கேயும் ஒவ்வொரு டேக்கிலும் எழுதத்தான் சொல்லும். மூன்று பேரும் ஒத்துக்கொண்ட ஒரு முறை இருக்கிறது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நாங்கள் பின்பற்றுவது டி.இ.ஐ. எனப்படும் டெக்ஸ்ட் என்கோடிங் இனிஷியேட்டிவின் முறை; எதற்கு எந்த டேக் போடுவது என்று சொல்லும் பொது வழிகாட்டி அது. 1987-இல் அமெரிக்காவில் வாஸர் கல்லூரியில் நடந்த கூட்டத்தில் தொடங்கியது; இப்போது புழக்கத்தில் உள்ள பி5 பதிப்பு 2007-இல் வந்து, இன்றும் திருத்தப்பட்டு வருகிறது. கீழே டேக் பெயர்களை வாசிக்க வசதியாகத் தமிழ் எழுத்தில் தருகிறேன். கோப்பில் ஆங்கில எழுத்தில்தான் அடிக்க வேண்டும்.

விதி யாருடையது?

எந்தத் தோற்ற விதியை எழுதும் முன்பும் இதைக் கேளுங்கள்: இது அந்தப் பழைய அச்சகம் செய்ததா, இல்லை நாம் திரையில் செய்யப்போவதா?

1920-களில் சென்னையில் அச்சான ஒரு நீதி நூலை எடுத்துக்கொள்வோம், உரையோடு கூடியது. முகப்புப் பக்கத்தின் உச்சியில் 'உ' என்று பிள்ளையார் சுழி. அதன் கீழே 'கடவுள் துணை'. பிறகு நூலின் பெயர், பக்கத்திலேயே மிகப் பெரிய எழுத்தில். உள்ளே போனால் மூலச் செய்யுள் தடித்த எழுத்தில், இரண்டு பக்கமும் உள்தள்ளி. அதன் கீழே 'இ - ள்.' (இதன் பொருள்) என்று தொடங்கும் பொழிப்பு, சாதாரண எழுத்தில். அதற்கும் கீழே விசேடவுரை, இன்னும் பொடியாக. இதெல்லாம் அச்சுக்கோத்தவர் யோசித்துச் செய்த வேலை. எது மூலம், எது உரை, எதை வாசகர் முதலில் பார்க்க வேண்டும் என்பதை அவர் எழுத்தின் அளவாலேயே சொல்லியிருக்கிறார். நூலைப் பற்றிய தகவல் அது. நூலோடுதான் இருக்க வேண்டும்.

அதே நூலை ஃபோனில் வாசிப்பவருக்கு விசேடவுரை பொடியாக இருந்தால் கண் வலிக்கும். ஆகவே எல்லாவற்றையும் ஒரே அளவில் காட்டி, விசேடவுரைக்கு மட்டும் இடதுபக்கம் ஒரு கோடு போடலாம் என்று நாம் முடிவு செய்கிறோம். அந்தக் கோட்டுக்கும் 1920-களுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. அடுத்த வருடம் மாற்றிக்கொள்வோம். அது நூலின் கோப்புக்குள் போகக் கூடாது.

முதல் வகை நூல் கோப்பின் உள்ளே, இரண்டாம் வகை வெளியே. தம்பி சொன்னது இரண்டாம் வகைக்கு நூற்றுக்கு நூறு சரி. முதல் வகையையும் வெளியே தள்ளினால், வெப்சைட்டைப் புதுப்பிக்கும் நாளில் பழைய நூலின் சாயல் குப்பைக்குப் போய்விடும்.

டிடிபி ஆட்களுக்கு இதில் ஒரு அனுபவம் உண்டு. பாமினி ஃபான்டில் அடித்த கோப்பை, அந்த ஃபான்ட் இல்லாத கம்ப்யூட்டரில் திறந்தால் ஆங்கில எழுத்துக் குவியல்தான் தெரியும். எழுத்து எது, அதன் உருவம் எது என்று பிரிக்கவே முடியாதபடி ஒட்டிக்கிடந்த காலம் அது. யூனிகோடு வந்து எழுத்தைத் தனியே பிரித்துவிட்டது. உருவத்துக்கு ஓர் இடம் ஒதுக்கும் வேலை நம்மிடம் இருக்கிறது.

நூலின் தோற்றத்துக்கு மூன்று ஆட்ரிப்யூட்

டி.இ.ஐ.யில் மூலநூலின் தோற்றத்தைச் சொல்ல மூன்று ஆட்ரிப்யூட்டுகள், அதாவது டேக்குக்குள் எழுதும் கூடுதல் விவரங்கள், இருக்கின்றன. மூன்றுமே அச்சில் இருந்ததைச் சொல்வதற்கு. திரையில் இப்படிக் காட்டு என்று உத்தரவிடுவதற்கு அல்ல. இதைப் பலர் குழப்பிக்கொள்கிறார்கள்.

முதலாவது ரெண்ட். இதில் 'தடித்த நடு' என்பது போல நம் சொந்தச் சொற்களை இடைவெளி விட்டு எழுதலாம். சொற்களின் வரிசைக்குப் பொருள் இல்லை. எளிது, வேகமானது. ஆனால் அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று உங்கள் குழுவுக்கு மட்டும்தான் தெரியும். ஒருவர் 'பெரிய' என்றும், இன்னொருவர் 'பெரிது' என்றும், மூன்றாமவர் 'பெரிய-எழுத்து' என்றும் எழுதி வைத்திருப்பார்கள்.

இரண்டாவது ஸ்டைல். இதில் சி.எஸ்.எஸ். போன்ற முறையான ஒரு மொழியிலேயே விதியை எழுத வேண்டும். எந்த மொழி என்பதை ஹெடரில் ஸ்டைல்டெஃப்டெக்ல் என்ற டேக்கில் ஒரு தடவை சொல்லிவிட வேண்டும். தெளிவானதுதான், ஆனால் நூறு தலைப்பு இருந்தால் நூறு தடவை எழுத வேண்டியிருக்கும்.

மூன்றாவது ரெண்டிஷன். இதில் விதி இருக்காது, விதியின் முகவரி மட்டும் இருக்கும். விதி ஹெடரில் இருக்கும்: டிஇஐஹெடருக்குள் என்கோடிங்டெஸ்க், அதற்குள் டேக்ஸ்டெக்ல், அதற்குள் ரெண்டிஷன் என்றே பெயருள்ள டேக். ஆட்ரிப்யூட்டுக்கும் டேக்குக்கும் ஒரே பெயர் என்பது தொடக்கத்தில் எரிச்சலாகத்தான் இருக்கும். ஒவ்வொரு ரெண்டிஷன் டேக்குக்கும் ஓர் ஐடி கொடுத்து, ஸ்கீம் என்ற ஆட்ரிப்யூட்டில் விதியின் மொழி சி.எஸ்.எஸ். என்று குறித்து, உள்ளே விதியை எழுதுங்கள். பிறகு நூலில் அந்தத் தோற்றம் வரும் இடங்களில் எல்லாம் '#' போட்டு ஐடியைச் சொன்னால் போதும்.

நான் ரெண்டிஷன் கட்சி. ரெண்ட் ஆட்ரிப்யூட்டை அறவே வேண்டாம் என்று சொல்லவில்லை. அச்சகத்தார் ஏதாவது விசித்திரமாகச் செய்திருந்தால், சி.எஸ்.எஸ்.ஸில் சொல்ல முடியாததைச் சொல்ல அது உதவும். நூலின் பெயரை வில் போல வளைத்து அடுக்கியிருப்பார்கள் பாருங்கள், அந்த மாதிரி. ஆனால் ஒரே டேக்கில் ரெண்ட், ஸ்டைல் என்ற இரண்டு ஆட்ரிப்யூட்டையும் சேர்த்து வைக்காதீர்கள். பின்னால் வருபவர் எதை நம்புவார்?

செலக்டர் என்ற பெரிய சௌகரியம்

ஹெடரில் உள்ள ரெண்டிஷன் டேக்குக்கு செலக்டர் என்று ஓர் ஆட்ரிப்யூட் உண்டு. விதி எந்த டேக்குகளுக்குப் பொருந்தும் என்று சொல்லும் சி.எஸ்.எஸ். செலக்டரையே அதில் எழுதலாம். 'ஹெட்' (தலைப்புக்கான டேக்) என்று எழுதி, உள்ளே 'நடுவில், போல்ட்' என்பதற்கான விதியைக் கொடுத்துவிட்டால், இந்த நூலில் எல்லாத் தலைப்பும் அப்படித்தான் அச்சாகியிருக்கின்றன என்று பொருள். நூலுக்குள் ஒரு தலைப்பிலும் எதுவும் எழுத வேண்டாம்.

ஆகவே வேலையை இந்த வரிசையில் செய்யுங்கள். டேக் போடத் தொடங்கும் முன் நூலை ஒரு தடவை முழுக்கப் புரட்டுங்கள். எது பொது வழக்கம், எது விதிவிலக்கு என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். மேலே சொன்ன நீதி நூலில் எல்லாச் செய்யுளும் தடித்த எழுத்து. செய்யுளுக்கு எல்ஜி, அடிக்கு எல் என்ற டேக்குகள். எனவே எல்ஜிக்கு ஒரு செலக்டர் விதி. விசேடவுரையின் டைப் ஆட்ரிப்யூட்டில் 'விசேடவுரை' என்று போட்டு, அதற்கு ஒரு செலக்டர் விதி. ஹெட்டுக்கு ஒன்று. நூலின் தோற்றத்தில் பெரும்பகுதி இந்த மூன்று விதிகளிலேயே அடங்கிவிடும்.

மிச்சம் இருப்பது விதிவிலக்கு. ஒரு அதிகாரத்தின் தலைப்பைச் சுற்றி மட்டும் பூ வேலைப்பாடு. பாயிரத்துச் செய்யுள் மட்டும் சாதாரண எழுத்தில். அடிக்கடி வருகிற விதிவிலக்குக்கு ஐடி கொடுத்து ரெண்டிஷனால் சுட்டுங்கள். நூலிலேயே ஒரு தடவைதான் வருகிறது என்றால் அந்த இடத்திலேயே ஸ்டைலில் எழுதிவிடுங்கள், ஹெடரை நிரப்ப வேண்டாம். செலக்டரால் சொன்ன பொது விதியை, டேக்கில் நேராகச் சொன்னது வெல்லும். அதனால் விதிவிலக்குக்காகப் பொது விதியைத் தொட வேண்டியதில்லை.

எழுத்தின் அளவைப் பற்றி ஒரு வார்த்தை. டிடிபி பார்த்தவர்களுக்கு எழுத்தைப் பார்த்ததும் 'இது பதினாலு பாயின்ட்' என்று சொல்லக் கை துறுதுறுக்கும். ஃபோனில் எடுத்த ஸ்கேனை வைத்து அதைச் சொல்ல முடியாது. பக்கத்தை எவ்வளவு தூரத்திலிருந்து எடுத்தோம் என்பதே தெரியாதே. உரை எழுத்தை அடிப்படையாக வைத்து, அதைவிட ஒன்றரை மடங்கு, அதைவிடச் சின்னது என்று ஒப்பிட்டு எழுதுங்கள். முகப்பில் சிவப்பு மை இருந்தால் குறியுங்கள். தாள் மஞ்சளாகப் போயிருப்பதைக் குறிக்காதீர்கள். அது அச்சகத்தார் செய்தது அல்ல, காலம் செய்தது.

எழுத்தா, தோற்றமா?

தமிழ் நூல்களில்தான் இந்தச் சிக்கல் சுவாரசியமாகிறது. ஆங்கிலத்துக்கு எழுதிய வழிகாட்டிகளில் பாதி இடத்தை இடாலிக் பிடித்துக்கொள்ளும். பழைய தமிழ் அச்சில் அதற்கு வேலையே இல்லை. நமக்கு வேறு தலைவலிகள்.

பெரிய தலைவலி பழைய எழுத்து வடிவம். 1978-இல் தமிழ்நாடு அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்பதற்கு முன் அச்சான நூல்களில் ணை, லை, ளை, னை நான்கும் துதிக்கை போட்ட கொம்போடு இருக்கும். ணா, றா, னா மூன்றும் சுழித்த வடிவில் இருக்கும். சிலர் இதை எப்படிக் காட்டுவது என்று தெரியாமல் படமாக வெட்டி ஒட்டுகிறார்கள். அவ்வளவு தூரம் போக வேண்டாம். யூனிகோடில் பழைய 'லை'க்கும் புதிய 'லை'க்கும் வேறு வேறு குறியெண் கிடையாது. ல என்ற எழுத்து, ஐகாரக் குறி, அவ்வளவுதான். வடிவத்தை ஃபான்ட் பார்த்துக்கொள்ளும். எனவே எழுத்தை இன்றைக்கு அடிப்பது போலவே அடியுங்கள். 'இந்நூல் முழுவதும் சீர்திருத்தத்துக்கு முந்திய எழுத்து வடிவில் அச்சானது' என்பது தோற்றச் செய்தி. நூல் முழுக்க அப்படியே என்றால் ஹெடரில் ஒரு ரெண்டிஷன், அதற்கு டெக்ஸ்ட் என்ற டேக்கைச் செலக்டராகக் கொடுத்தால் முடிந்தது. சி.எஸ்.எஸ்.ஸில் பழைய வடிவம் கொண்ட ஒரு ஃபான்டின் பெயரை எழுதலாம். ஆனால் 1920-களின் ஈய எழுத்துக்கு அந்தப் பெயர் கிடையாது என்பதால் நான் ஸ்கீமை 'ஃப்ரீ' என்று போட்டு, வாக்கியமாகவே எழுதிவிடுவேன். அதையும் டி.இ.ஐ. அனுமதிக்கிறது.

எழுபதுகளின் கடைசியிலும் எண்பதுகளிலும் வந்த சில வெளியீடுகளில் இரண்டு வடிவமும் கலந்து வரும். தலைப்புக்கு வைத்திருந்த பழைய அச்செழுத்து, உள்ளே புதியது. அங்கே தலைப்புக்கு மட்டும் ரெண்டிஷன் போட வேண்டியதுதான்.

தமிழ் எண்கள் இதற்கு நேர் எதிர். ௧, ௨, ௩ என்று அச்சாகியிருந்தால் அவற்றுக்குத் தனிக் குறியெண்கள் இருக்கின்றன. அது எழுத்து, தோற்றம் அல்ல. '1' என்று அடித்து, ஸ்டைலில் தமிழ் எண்ணாக மாற்றாதீர்கள்.

வெண்பாவில் இரண்டாம் அடியின் தனிச்சொல்லுக்கு முன்னால் ஒரு சிறு கோடு இருக்கும். அதை எழுத்தாகவே வையுங்கள் என்பேன். சிலர் அதைச் சி.எஸ்.எஸ்.ஸால் தானாக வரவழைக்கலாம் என்கிறார்கள். முடியும்தான். ஆனால் பழைய பதிப்புகளில் அந்தக் கோடு சில இடங்களில் விடுபட்டிருக்கும். தானாக வரவழைத்தால் விடுபட்ட இடத்திலும் முளைத்துவிடும். கண்ணுக்குத் தெரிகிற மை எல்லாம் எழுத்து, வெற்றிடம் எல்லாம் தோற்றம் என்று ஒரு தோராயக் கணக்கு வைத்துக்கொண்டால் பெரும்பாலும் சரியாக வரும். பக்கத்துக்குப் பக்கம் மேலே வரும் நூற்பெயரும் பக்க எண்ணும் மையில் இருந்தாலும் நூலின் ஓட்டத்தில் சேராதவை. அவற்றுக்கு எஃப்டபிள்யூ என்ற டேக் இருக்கிறது.

அதே கணக்கில்தான் ஸ்பேஸ் பார் விஷயமும். நடுவில் கொண்டுவர ஸ்பேஸ், உள்தள்ள டேப், இடைவெளிக்கு வெற்று வரி என எதையும் எழுத்துக்குள் தட்டாதீர்கள். ஐயாவிடம் இதை நேரடியாகச் சொல்லவில்லை. அவர் தட்டிய கோப்பில் நூலின் பெயரைத் தேடச் சொன்னோம். எழுத்துக்கு எழுத்து ஸ்பேஸ் விட்டு அகலப்படுத்தியிருந்ததால் கிடைக்கவில்லை. அதற்குப் பிறகு அவரே மற்றவர்களைக் கண்டிக்கத் தொடங்கிவிட்டார்.

ஐடியைத் தமிழில் வைக்கலாமா?

தாராளமாக வைக்கலாம். எக்ஸ்எம்எல் தமிழ் எழுத்தில் ஐடி வைக்க அனுமதிக்கிறது, சி.எஸ்.எஸ்.ஸிலும் கிளாஸுக்கு (ஒரே தோற்ற விதி பொருந்தும் இடங்களுக்கு வைக்கும் பெயருக்கு) தமிழ் செல்லும். ஒரு எச்சரிக்கை: 'ொ', 'ோ', 'ௌ' குறிகள் வரும் பெயர்களைத் தவிருங்கள். இவை யூனிகோடில் ஒரே குறியெண்ணாகவும் இருக்கலாம், முன்னொன்று பின்னொன்று என இரண்டு குறியெண்களாகவும் இருக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். எக்ஸ்எம்எல் மென்பொருள் அவற்றை ஒன்றாகக் கருதாது. ஒருவர் ஒரு கீபோர்டில் 'பொடி' என்று ஐடி வைத்து, இன்னொருவர் வேறொரு கீபோர்டில் '#பொடி' என்று சுட்டினால் இணைப்பு அறுந்துவிடும். ஏன் என்று கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்கவும் முடியாது. 'சிறிய' என்று வைத்துவிட்டுப் போங்கள்.

பெயரைத் தோற்றத்தை வைத்தே சூட்டுங்கள்: 'தடித்த-நடு', 'சிறிய-உள்தள்ளல்'. மூலம், உரை, பாயிரம் என்பதையெல்லாம் டேக்கும் டைப்பும் ஏற்கெனவே சொல்லிவிட்டன. ரெண்டிஷனுக்கும் 'மூலம்' என்று பெயர் வைத்தால், மூலம் அல்லாத ஒரு மேற்கோள் அதே தடித்த எழுத்தில் வரும்போது மாட்டிக்கொள்வீர்கள்.

வெளியே வைக்க வேண்டியவை

நம் திரைக்கான விதிகள் தனி ஃபோல்டரில், தனி சி.எஸ்.எஸ். கோப்புகளில் இருக்கட்டும். கோப்புகளின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் எங்கள் கிட் களஞ்சியத்தில் 'நூல்கள்' ஒரு ஃபோல்டர், 'காட்சி' இன்னொன்று. வெப்சைட்டின் நிறத்தை மாற்றிய நாளில் 'நூல்கள்' ஃபோல்டரில் ஒரு கோப்பும் மாறியிருக்கக் கூடாது.

கோப்பின் தலையில், முதல் டேக்குக்கு முன்னால், எக்ஸ்எம்எல்-ஸ்டைல்ஷீட் என்று ஒரு வரி போட்டு சி.எஸ்.எஸ்.ஸை நேராக இணைக்கும் வழி ஒன்று இருக்கிறது. வலைக்கான தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி 1999-இல் பரிந்துரைத்தது. மெய்ப்புப் பார்க்கும்போது பிரவுசரில் உடனே திறந்து பார்க்க நல்ல வசதி. வெளியிடும் கோப்பில் அதை விட்டுவைக்க எனக்குப் பிடிக்காது. நம் வெப்சைட்டின் ஃபோல்டர் முகவரியை நூல் சுமந்துகொண்டு திரிவானேன்? அந்த வரியால் எக்ஸ்எஸ்எல்டியை (எக்ஸ்எம்எல்லை எச்டிஎம்எல் போன்ற வேறு வடிவமாக மாற்றும் மொழி) இணைத்துப் பிரவுசரையே மாற்றம் செய்யச் சொல்பவர்கள் இன்னும் கவனமாக இருங்கள். குரோம் அந்த வசதியை எடுத்துவிடப்போவதாக 2025-இல் அறிவித்துவிட்டது. மாற்றத்தை உங்கள் கம்ப்யூட்டரிலேயே செய்து, எச்டிஎம்எல்லாக ஏற்றுங்கள். இல்லையென்றால் செட்டீசியன் என்ற ஜாவாஸ்கிரிப்ட் நூலகம் இருக்கிறது, டி.இ.ஐ. கோப்பைப் பிரவுசரில் அப்படியே காட்டும். அதில் ஒவ்வொரு டேக்கின் பெயருக்கும் முன்னால் 'டிஇஐ-' சேர்ந்துகொள்ளும் என்பதை நினைவில் வைத்து சி.எஸ்.எஸ். எழுத வேண்டும்.

ஹெடரில் எழுதிய ரெண்டிஷன் விதிகளைப் பிரவுசர் தானாகப் படிக்காது. அதற்கு அது வெறும் எழுத்து. அவற்றைத் திரட்டி ஒரு சி.எஸ்.எஸ். கோப்பாக ஆக்கச் சின்ன எக்ஸ்எஸ்எல்டி ஒன்று போதும்: செலக்டர் இருந்தால் அதை எழுதி, இல்லையென்றால் ஐடியைக் கிளாஸ் பெயராக்கி, உள்ளே இருப்பதை அடைப்புக்குள் போடு. தம்பி ஒரு சாயங்காலத்தில் எழுதிக் கொடுத்துவிட்டார். இதனால் இன்னொரு லாபம் கிடைத்தது. ஒரே நூலுக்கு இரண்டு சி.எஸ்.எஸ்.: ஹெடரிலிருந்து பிறந்தது ஒன்று, நாங்கள் எழுதியது ஒன்று. வாசகருக்கு 'அச்சில் இருந்தபடி', 'வாசிக்க வசதியாக' என்று இரண்டு பொத்தான். ஆராய்ச்சி மாணவர்கள் முதலாவதை அழுத்துகிறார்கள், மற்றவர்கள் இரண்டாவதை.

இபப் என்ற மின்னூல் கோப்பு செய்வதானால் சி.எஸ்.எஸ். அந்தப் பொட்டலத்துக்கு உள்ளேயே இருக்க வேண்டும். அதற்கென்று தனியாக ஒன்று, எளிமையாக வைத்துக்கொள்ளுங்கள். வாசகர் தன் கருவியில் ஃபான்டையும் அளவையும் எப்படியும் மாற்றிக்கொள்வார்.

ஒரே அச்சகத்தின் பல பிரசுரங்கள்

எங்களுக்குப் பக்கத்தில் இருப்பது கோலார் தங்கவயல். 20-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் அங்கே தமிழ்ப் பௌத்தர்கள் நிறையச் சிறு பிரசுரங்கள் வெளியிட்டார்கள். அந்த மாதிரி ஒரே இடத்திலிருந்து வந்த பிரசுரங்களை ஏற்றும்போது முகப்பு அமைப்பு, தலைப்பு எழுத்து எல்லாம் திரும்பத் திரும்ப ஒன்றுபோலவே வரும். அப்போது ஹெடரை ஒவ்வொரு கோப்பிலும் எழுத வேண்டுமா?

இரண்டு வழி. ரெண்டிஷன் ஆட்ரிப்யூட்டில் '#' மட்டும் இல்லை, முழு முகவரியும் எழுதலாம். எனவே பொதுவான ஒரு கோப்பில் விதிகளை வைத்து எல்லாப் பிரசுரமும் அதைச் சுட்டலாம். இல்லையென்றால் டிஇஐகார்ப்பஸ் என்ற டேக்கில் எல்லாவற்றையும் ஒரே தொகுப்பாக்கி, தொகுப்பின் ஹெடரில் பொது விதிகளையும் ஒவ்வொரு பிரசுரத்தின் ஹெடரில் தனி விதிகளையும் வைக்கலாம். எனக்கு இரண்டாவது பிடிக்கும். ஆனால் பிரசுரங்களைத் தனித்தனியாகப் பிறருக்கு அனுப்புவீர்கள் என்றால், யோசிக்காமல் ஒவ்வொன்றிலும் விதிகளை நகலெடுத்துப் போடுங்கள். கோப்பு நாலு வரி நீளும், அவ்வளவுதான். முகவரியைச் சுட்டிக்கொண்டு, அந்த முகவரியில் ஒன்றும் இல்லாத கோப்பு யாருக்கும் உதவாது.

எந்தச் சொற்களை ரெண்ட் ஆட்ரிப்யூட்டில் எழுதலாம், எவை கூடாது என்பதை ஓ.டி.டி. எனப்படும் திட்டக் கோப்பில் வரையறுத்துவிட்டால், 'பெரிது', 'பெரிய-எழுத்து' என்று யாராவது அடித்தவுடன் எடிட்டரே சிவப்புக் கோடு போடும். ஓ.டி.டி.யிலேயே 'இந்த டேக்கை வெளியீட்டில் இப்படிக் காட்டு' என்றும் எழுதும் வசதி பி5-இன் 3.0 வெளியீட்டில், 2016-இல், சேர்ந்தது. டி.இ.ஐ. பப்ளிஷர் என்ற மென்பொருள் அதைப் படித்து வேலை செய்யும். பெரிய திட்டங்களுக்கு நல்லது. எங்களைப் போன்ற சின்னக் குழுவுக்கு சி.எஸ்.எஸ். போதும்.

சரியான இடத்தில்தான் இருக்கிறதா என்று பார்க்க

களஞ்சியத்தின் ஒரு நகலில் இரண்டு சோதனை செய்யுங்கள். முதலில் 'காட்சி' ஃபோல்டரை முழுசாக அழித்துவிட்டு, நூல் கோப்பை மட்டும் வைத்துக்கொண்டு பழைய பக்கம் எப்படி இருந்தது என்று சொல்லிப் பாருங்கள். மூலம் தடித்த எழுத்து என்று சொல்ல முடியவில்லை என்றால், உள்ளே இருக்க வேண்டிய விதி வெளியே போயிருக்கிறது. அடுத்து, ஃபோல்டரைத் திரும்ப வைத்துவிட்டு, ஹெடரில் உள்ள ரெண்டிஷன்களை அழித்துவிடுங்கள். 'வாசிக்க வசதியாக' என்ற காட்சி கலைந்தால், உங்கள் வெப்சைட் நூலின் தோற்றத்தில் சாய்ந்துகொண்டிருக்கிறது என்று பொருள்.

ஏற்கெனவே வரிக்கு வரி ஸ்டைல் எழுதிய கோப்புகள் கையில் இருந்தால் எல்லாவற்றையும் புதிதாகச் செய்ய வேண்டாம். ஸ்டைல் ஆட்ரிப்யூட்டின் மதிப்புகளை மட்டும் உருவி எடுத்து, எது எத்தனை தடவை வருகிறது என்று வரிசைப்படுத்துங்கள். மேலே நிற்கும் நாலைந்தும் பெரும்பாலும் செலக்டர் விதியாகிவிடும். நடுவில் இருப்பவற்றுக்கு ஐடி கொடுத்து ஹெடருக்கு ஏற்றுங்கள். அதற்கு முன் ஸ்கேனோடு ஒப்பிட்டு, அது அச்சில் இருந்ததா, ஏற்றியவரின் கைவேலையா என்று பாருங்கள். கைவேலை என்றால் அழித்துவிடலாம், அல்லது சி.எஸ்.எஸ்.ஸுக்கு அனுப்பலாம். கடைசியில் ஒற்றையாக நிற்பவற்றை ஸ்கேனில் சரிபார்த்துவிட்டு இருந்த இடத்திலேயே விட்டுவிடுங்கள்.